இரண்டு விரல் கூடுதல்

எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. கடையிலும் கிடையாது. கொடைக்கானலில் இதைச் சொன்னால், இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வீடு கட்டும்போது கொத்தனார் கூரையில் எத்தனை கொக்கி வேண்டும் என்று கேட்டார். அவர் வத்தலக்குண்டுக்காரர். மலைக்குக் கீழே கட்டிக் கட்டிப் பழகிய வாய், கேட்டுவிட்டது. ஃபேனுக்கு வேண்டாம், தொட்டிலுக்கு ஒன்று போதும் என்றேன். போட்டார். அந்தக் கொக்கியில் ஒரே ஒரு பிள்ளையைத்தான் ஆட்டினோம். பிறகு என் மனைவி அதில் ஈரத்துணிக்குக் கொடி கட்டிவிட்டாள்.

அப்படிப்பட்ட நான் ஒரு மழைக்காலம் முழுக்க ஃபேனைப் பற்றியே படித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பஜாரில் எனக்குக் கம்பளிக் கடை. ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர், குரங்கு குல்லா, கையுறை. கீழேயிருந்து அரைக்கால் சட்டையோடு வருகிறவர்கள், பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் பல் கிட்டிப்போய் என் கடையைத் தேடி வருவார்கள். குளிர் இருக்கிறவரை எனக்குச் சோறு உண்டு. ஒரு பொருளைக் குளிரவைக்க நானே காசு கொடுத்துச் சாமான் வாங்குவேன் என்று நினைத்ததில்லை.

என் மகள் கோயம்புத்தூரில் கட்டடக் கலை படித்தாள். அங்கேயே ஓர் ஆபீஸில் வேலை. இன்னும் கட்டாத வீட்டை, கட்டி முடித்துக் குடியேறி போட்டோ எடுத்தது போல் கம்ப்யூட்டரில் செய்து காட்டுவாள். சோபா இருக்கும், திரைச்சீலை இருக்கும், ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்திருக்கும். அந்த வெயில் எங்கே விழும், எப்படி மங்கும் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் படம் ஆகிறது. ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆபீஸில் சொல்லியிருந்ததால், கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். பிறகு எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டுப் பார் என்றேன். கேட்டாள். இந்த மழைக்காலம் முழுக்கப் படங்கள் தாமதமில்லாமல் வந்தால் இருந்துகொள்ளலாம், தாமதமானால் கோயம்புத்தூர் வந்துவிட வேண்டும் என்று பதில் வந்தது.

எனக்கு அவள் இங்கேயே இருக்க வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது முன்னறையில் அவள் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மழை பிடித்த சில நாட்களிலேயே கம்ப்யூட்டர் பெட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. பாதிப் படத்தில் திரை இருண்டுவிடும். பெட்டி தானாக அணைந்துவிடும். திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஓடும், மறுபடி பாதியில் படுத்துவிடும். மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். நான்தான் திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பேன்.

பழனியில் அடிவாரம் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. கீழே அண்ணன் விபூதி, சந்தனம், சாமி படங்கள் விற்கிறார். மாடியில் தம்பி கம்ப்யூட்டர் விற்கிறார். என் கடைக்குப் பில் போடும் மிஷின் அவர் கொடுத்ததுதான். அவருக்குப் போன் போட்டேன். ப்ராஸசரின் பெயரைக் கேட்டார். மகளிடம் கேட்டுச் சொன்னேன்.

"சூட்டுல நிக்குது பாய். அது பெரிய ப்ராஸசர். அந்த வகைக்கு டப்பாவுல ஃபேன் வராது, நாமதான் தனியா வாங்கிப் போடணும். மாட்டுனவன் எதோ பழைய சின்ன ஃபேனை மேல வச்சு விட்டுருக்கான். அதுக்கு மூச்சு முட்டுது. ஒரு அளவு தாண்டுனா உசுரைக் காப்பாத்திக்க அதுவே அணைஞ்சுக்கிரும்."

"விலை கூடுனதுக்குத்தான் ஃபேன் வராதா?"

"ஆமா பாய். சின்னதுக்கு வரும்."

இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை. நான் விலை கூடிய சால்வை விற்றால் பை இலவசமாகத்தான் கொடுப்பேன்.

"மிஷின் எந்த ஊர்ல ஓடப் போகுது? உங்க வீட்லதானே?" என்று கேட்டார்.

"கொடைக்கானல்தான்" என்றேன், ஊருக்கே நான் சொந்தக்காரன் போல.

"அங்க ஜன்னலைத் திறந்து வச்சாலே போதுமே பாய்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இருவருமே அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மழைக்காலத்தில் பஜாரில் ஈ ஓட்டுவதுதான் சோலி. அதனால் படிக்க நேரம் கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்து போனில் படித்தேன். ப்ராஸசர் என்பது ஒரு பிஸ்கட் அளவுதான். அதன் தலையில் உலோகக் கட்டி ஒன்றை வைத்து, அந்தக் கட்டியின் மேல் ஃபேன் காற்றை அடித்துச் சூட்டை விரட்ட வேண்டும். அந்தக் கட்டியும் ஃபேனும் சேர்ந்ததுதான் கூலர். கேட்கச் சுலபம். ஆனால் எந்தக் கூலரும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தாது. ப்ராஸசரைச் சுற்றிப் போர்டில் நான்கு ஓட்டைகள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அந்த ஓட்டைகளின் இடைவெளி வேறு. ஒரே கம்பெனியிலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். அது சரியாக அமைந்தாலும், இத்தனை வாட் சூட்டை இந்தக் கூலர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்கினாலும், பக்கத்தில் நட்டுக்குத்தலாக நிற்கும் மெமரி அட்டைகளை ஃபேன் இடிக்கக் கூடாது. கடைசியாக உயரம். பெட்டியின் பக்கக் கதவை மூடினால் கூலரின் தலை தட்டக் கூடாது.

இதைப் படிக்கப் படிக்க எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது ஸ்வெட்டர் அல்லவா! மார்பு சரியாக இருந்தால் தோள் இறங்கும், தோள் நின்றால் கை குட்டையாகும், எல்லாம் சரி என்றால் கழுத்து தலையில் நுழையாது. தினமும் பார்க்கிற கூத்துதான். மகளிடம் விளக்கினேன்.

"உங்க இஷ்டம் அத்தா" என்றாள்.

கடையிலிருந்து இஞ்சு டேப் கொண்டு வந்தேன். அவள் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிக் கொடுத்தாள். ப்ராஸசரின் தலையிலிருந்து கதவு வரும் இடம்வரை டேப்பைப் பிடித்து அளந்து, அளவைச் சொல்லச் சொல்ல அவளைப் போனில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறித்துக்கொண்டாள். சரிதானா என்று திருப்பிப் பார்க்கவில்லை. ஓட்டை வகை, வாட், மெமரி அட்டையின் உயரம் எல்லாம் அவளே சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஒரு நாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் பழனிக்கு இறங்கினேன். மலைச்சாலை முழுக்க மேகம். கீழே போகப் போக ஸ்வெட்டர், பிறகு மஃப்ளர், பிறகு சட்டையின் மேல் பட்டன் என்று ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைக்காரர் மூன்று கூலர்களை மேசையில் வைத்தார். ஒன்று தட்டை, அது வாட் தாங்காது. ஒன்றில் குழாய் வைத்துத் தண்ணீர் ஓடுகிறது. கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீரையும் ஓடவிட எனக்கு மனசு வரவில்லை. அதை ஓரமாக வைக்கச் சொன்னேன். மூன்றாவது, தகடு தகடாக அடுக்கிய கோபுரம், பக்கத்தில் ஒரு பெரிய ஃபேன்.

"இதுல நாலு ஒயர் இருக்கு பாய். மூணு ஒயர் ஃபேனை விட இது சமத்து. சூடு ஏறுனா அதுவே வேகமா ஓடும், சூடு இல்லைன்னா சத்தம் காட்டாம மெதுவா சுத்தும்."

"என்னை மாதிரி. ஆள் வந்தா வேகம், வராட்டி தூக்கம்."

"உயரம் பொருந்துமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

மகளின் போனிலிருந்து வந்த அளவைக் காட்டினேன். கூலரின் டப்பாவில் போட்டிருந்த உயரத்தைப் பார்த்தார். மட்டுமட்டாகப் பொருந்தும் என்றார். ஒரு சின்னக் குழாயில் பசை கொடுத்தார். ப்ராஸசருக்கும் கூலருக்கும் நடுவே தடவ வேண்டியது. "அள்ளி அப்பிராதீங்க. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற அளவுதான்" என்றார்.

வீட்டில் மகள்தான் மாட்டினாள். ஓட்டைகள் கச்சிதமாகச் சேர்ந்தன. மெமரி அட்டையை இடிக்கவில்லை. பசை சுண்ணாம்பு அளவுதான். நான் பெருமையோடு பக்கக் கதவை எடுத்து மூடினேன். மூடவில்லை. அழுத்தினேன். கோபுரத்தின் உச்சி கதவில் முட்டிக்கொண்டு நின்றது. எத்தனை முட்டுகிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு விரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பளிக் கடைக்காரன் எவனும் டேப்பை உடம்போடு ஒட்டி அளக்கமாட்டான். உள்ளே சட்டை இருக்கிறது, சாப்பிட்டால் வயிறு ஏறும். அதனால் டேப்புக்குள் இரண்டு விரலை விட்டுத்தான் அளப்போம். என் கை இதை எனக்குத் தெரியாமலே செய்யும். பெட்டிக்கும் அப்படியே செய்திருக்கிறது. இல்லாத இரண்டு விரல் இடத்தை நான் அளந்து சொல்லியிருக்கிறேன்.

மகள் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுக்களையிலிருந்து என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அந்த மழைக்காலத்தில் மகள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அதனால் எனக்கும் கோபம் வரவில்லை.

"மாத்திட்டு வரலாம்ல?" என்றாள் மனைவி.

"பசை தடவுனதை எவன் திருப்பி எடுப்பான்? கதவு இல்லாமயே ஓடட்டும். காத்து நல்லா வரும்."

சொல்லிவிட்டேனே தவிர, கதவில்லாத பெட்டி என்றால் ஈரம் உள்ளே போகும். இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துணியில் பூஞ்சை பூக்கும், செருப்பில் பூக்கும், கேமரா கண்ணாடியில் பூக்கும். அதற்காக அலமாரியின் அடித்தட்டில் ஒரு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். என் கடையில் கம்பளிச் சரக்கு இருக்கிற அலமாரிகள் எல்லாவற்றிலும் இப்படித்தான், மழை விடுகிறவரை இரவும் பகலும் எரியும். புது எல்இடி பல்பு வெளிச்சம் தருமே ஒழிய சூடு தராது. அதனால் பழைய குண்டு பல்புகள் கிடைக்கிற காலத்திலேயே பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கி வைத்திருக்கிறேன். வேறு எந்தச் சரக்கையும் நான் பதுக்கியதில்லை.

மகளின் கம்ப்யூட்டர் வந்த புதிதிலேயே அதற்கென்று தச்சரை வைத்து ஓர் அலமாரி செய்தேன். நல்ல தேக்கு, இடுக்கில்லாத கதவு, உள்ளே நாற்பது வாட் பல்பு. பெட்டி அதற்குள் இருந்தபடியேதான் ஓடும், திரை மட்டும் வெளியே. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் திறந்து காட்டினேன். இப்போது பெட்டிக்குப் பக்கக் கதவு இல்லை என்று ஆனதும், நாற்பதைக் கழற்றிவிட்டு அறுபது போட்டேன். அடைமழை வந்ததும் நூறு.

இதைப் படிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. எங்கள் ஊரில் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அலமாரியைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். ஈரம்தான் எங்களுக்கு எதிரி. சூடு யாருக்கும் கெடுதல் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

புதுக் கூலர் போட்ட பிறகும் பெட்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஃபேன் என்னவோ உயிரைக் கொடுத்து ஓடியது. அலமாரிக் கதவுக்கு வெளியிலும் அதன் சத்தம் கேட்டது. படம் மட்டும் முடியவில்லை. ஆபீஸிலிருந்து மகளுக்கு அடிக்கடி போன் வந்தது. முன்னறையில் நின்று "இன்னும் முடியல சார்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயமே இல்லை. பொறுமைசாலி, என் அம்மாவைக் கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கூலரில் இன்னொரு ஃபேன் சேர்க்கலாமா என்று படிக்க ஆரம்பித்தேன்.

கடையில் கூலரின் காலி டப்பா கிடந்தது. கவுஞ்சியிலிருந்து ஒருவர் குரங்கு குல்லா வாங்க வந்தார். உருளையும் பூண்டும் போடுகிறவர், வருஷா வருஷம் என்னிடம்தான் வாங்குவார். டப்பாவில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"என்ன பாய், ஃபேனா? இங்கயா? ஒங்களுக்கு வேர்க்குதா?"

மகளின் கம்ப்யூட்டர் சூடாகிறது என்று சொன்னேன். அலமாரி, பல்பு எல்லாம் சொன்னேன். அவர் குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நாங்க பூண்டைப் பரண்ல கட்டி அடியில புகை போட்டு வைப்போம், அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"பூண்டு காயணும்னு போடுறோம்" என்றார். கண்ணாடியில் பார்த்து, குல்லாவின் பச்சை நிறம் பிடிக்கவில்லை என்று வேறு கேட்டார். நான் நிறத்தை எடுத்துக் காட்டுவதில் இறங்கிவிட்டேன்.

பிறகு காற்றோடு ஒரு மழை வந்தது. வத்தலக்குண்டு சாலையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் அடுக்களை விளக்கும் ஒரு பிளக்கும்தான் வேலை செய்யும். அந்தப் பிளக்கிலிருந்து முன்னறைவரை ஒரு நீள ஒயரை இழுத்து, அலமாரிக்குள் விட்டுப் பெட்டிக்குக் கொடுத்தேன். ஒயர் நடுவே கிடந்ததால் அலமாரிக் கதவு சாத்த முடியவில்லை. ஒரு கதவு அகலத் திறந்தே இருந்தது. பல்பு அந்தப் பிளக்கில் இல்லை, அதனால் எரியவில்லை. கடை திறக்க வழியில்லை. நானும் வீட்டில் இருந்தேன்.

அன்று பெட்டி நிற்கவே இல்லை. காலையில் மகள் போட்ட படம், நான் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வருவதற்குள் முழுதாக முடிந்து திரையில் இருந்தது. யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரரின் வீட்டு ஹால், தரையில் வெயில். அடுத்த படத்தைப் போட்டாள். அதுவும் ஓடியது. ஃபேன் சத்தமே கேட்கவில்லை.

கரண்ட் இருக்கும்போது நிற்கிற பெட்டி, கரண்ட் போனால் ஓடுகிறதே என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். எழுந்து போய் அலமாரிக்குள் கையை விட்டேன். ஜில்லென்று இருந்தது. முந்தின நாள் ஒயர் பார்க்கக் கையை விட்டபோது பேக்கரி அடுப்புக்குள் விட்டது போல் இருந்தது நினைவுக்கு வந்தது. நூறு வாட் பல்பு, சாத்திய தேக்குக் கதவு. ஊரெல்லாம் குளிர்ந்து கிடக்க, அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் நான் சித்திரை மாதத்தைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எத்தனை பெரிய கூலர் வைத்தால் என்ன, அது சூடான காற்றைத்தானே எடுத்து அடிக்கும்!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். மகளும் அவள் அம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! இந்தக் குண்டு பல்புதான். இனிமே உன் மிஷின் நிக்கவே நிக்காது. ஆபீஸுக்குச் சொல்லிரு, நீ எங்கயும் போக வேண்டியதில்லைன்னு."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"தெரியும் அத்தா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பல்பு. அலமாரி வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல? நான் பழனிக்கும் இங்கயுமா அலைஞ்சேனே?"

அவள் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "மிஷின் நின்னுக்கிட்டே இருந்தா அவங்களே வரச் சொல்லிருவாங்கன்னு இருந்தேன். நானா உங்ககிட்ட கேக்க முடியல. அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து வரையுறாங்க அத்தா. சைட்டுக்குப் போறாங்க. நான் இத்தனை வீடு செஞ்சுட்டேன், ஒரு வீட்டைக்கூட நேர்ல போய்ப் பாத்ததில்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு எதுவும் வந்ததாகச் சொன்னால் பொய். பல்பை மேசையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய், கரண்ட் இல்லாத பஜாரில், பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விட்டிருக்கமாட்டேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது, ஆனாலும் கோபம் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பாடு போடும்போது என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். அவள் அய்யம்பாளையத்துக்காரி. அடிவாரத்தில், தென்னைக்கும் மாவுக்கும் நடுவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"என்னைய இங்க கட்டிக் குடுக்கும்போது, குளிருமே, தாங்குவியான்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கும் வாயைத் திறந்து சொல்லத் தெரியல. என் வயித்துல பொறந்தது மட்டும் எப்படிங்க சொல்லும்?"

"உனக்கு இங்க பிடிக்கலையா?"

"இப்பக் கேக்குறீங்களே" என்று ரசத்தை ஊற்றினாள்.

இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை. மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது மகளிடம், "போறதுன்னா போ. பெட்டிக்குக் கதவு இல்லாம அங்க கொண்டுபோகாத. தூசி அடிக்கும். போற வழியில பழனியில மாத்திக்கலாம்" என்றேன். ஊர்ப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "அங்க" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பிய அன்றும் மேகம்தான். பெட்டியைக் கடையிலிருந்து கொண்டு வந்த கம்பளியில் நானே சுற்றிக் கட்டினேன். பழைய கூலரின் சின்ன ஃபேனை அவள் வேண்டாம் என்றாள், அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். தெருமுனைவரை என் மனைவி வந்தாள். அவள் அழவில்லை. போய் இறங்கியதும் போன் பண்ணு என்று மட்டும் சொன்னாள்.

பழனிக் கடையில் படியேறிக் கம்பளியைப் பிரித்ததும் கடைக்காரர் கோபுரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டேப் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கூலர் நல்ல கூலர், அதை ஏன் மாற்ற வேண்டும், அது உட்காருகிற மாதிரி பெரிய பெட்டியாக மாற்றிவிடுவோம் என்றார். ஒன்றை எடுத்து வைத்தார்.

"மிஷின் ஓடப் போறது அதே கொடைக்கானல்தானே பாய்? அப்ப வேற ஃபேன் ஒண்ணும் வேண்டாம்."

மகள் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. கோயம்புத்தூர்" என்றேன்.

"அடேயப்பா. அப்ப முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு ஃபேன் போட்டுருவோம். முன்னால இருக்கது குளிர்ந்த காத்தை உள்ள இழுக்கணும், பின்னால இருக்கது சூட்டை வெளிய தள்ளணும்."

"போடுங்க" என்றேன்.

அவர் பெட்டியின் உயரத்தை அட்டையில் படித்துச் சொல்வதற்குள், நான் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து உள்ளே பிடித்துவிட்டேன். இரண்டு விரல் தானாக உள்ளே போயிற்று. மகள் பார்த்துவிட்டாள்.

"அத்தா, விரலை எடுங்க."

"இருக்கட்டும்" என்றேன். "பத்தாமப் போறதுக்கு, கூட இருக்கது தேவலை."

எல்லாவற்றையும் மாற்றி மாட்டிக் கதவைத் தள்ளினார். மூடிக்கொண்டது. விரல் விடுகிற இடைவெளி மிச்சமும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் நின்றது. பெட்டியை அவள் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். கண்டக்டர் லக்கேஜுக்குத் தனி டிக்கெட் என்றார், வாங்கினேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. மகளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. விடியற்காலையில் வீட்டில் போட்ட ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை. பஸ் நகரப் போகும்போதுதான் கழற்றினாள். கல்லூரிக்குப் போனபோது என் கடையில் எடுத்தது. அப்போதும் ஒரு சைஸ் கூட்டித்தான் கொடுத்திருந்தேன். ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இது அங்க எதுக்கு அத்தா? நீங்களே வச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டேன். பஸ் திரும்பி மறைந்த பிறகு எதிர்ப்பக்கம் போய்க் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்தேன். அதில் அவள் உடம்புச் சூடு அப்படியே இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வெக்கையாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான் திறக்கவில்லை.